சதாசிவம் வழக்கு: யூரி சொன்னது சரியா? உங்கள் தீர்ப்பையும் காரணத்தையும் எழுதுங்கள்

வட்டுவாகல் மாஸ்டர் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 8.15

வணக்கம். எங்கள் பள்ளிக்கூடத்து உயர்தர மாணவர்களை வைத்து வழக்காடு மன்றம் ஒன்று நடத்தப் போகிறோம். வழக்கமான பட்டிமன்றத் தலைப்புகள் அலுத்துவிட்டன, உண்மையான வழக்கு ஒன்று வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். நான் தேர்ந்தது 1951ஆம் ஆண்டுச் சதாசிவம் வழக்கு. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகாதேவ சதாசிவம் இலங்கை கண்ட மிகப் பெரிய துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தார், 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்புக்கு வந்தபோது நம் அணியின் தலைவர் அவர்தான். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அவருடைய மனைவி ஆனந்தா, பம்பலப்பிட்டி சென்ட் அல்பன்ஸ் பிளேஸ் 7ஆம் இலக்க வீட்டின் கார்க் கொட்டகையில் பிணமாகக் கிடந்தார். கைகளால் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது, கழுத்தின் மேல் ஒரு மர உரல் வைக்கப்பட்டிருந்தது. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். விவாகரத்து வழக்குப் போட்டிருந்தவரும் அவர்தான்.

அன்று காலை வீட்டில் இருந்த ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் சதாசிவம், 10.30 அளவில் வாடகைக் காரில் வெளியே போனவர். மற்றவர் வில்லியம் என்ற சமையல்காரப் பெடியன், தென்பகுதிக் கிராமமொன்றிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகாதவர். அன்றே ஆனந்தாவின் நகைகளோடு வீட்டை விட்டுப் போனவர், பத்து நாட்களுக்குப் பிறகு பிடிபட்டார். பிடிபட்டதும் “ஐயாதான் கொன்றார், நான் உதவி செய்தேன், அதற்காகத்தான் நகையைத் தந்தார்” என்று சொன்னார். சட்டமா அதிபர் அவருக்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து அரச தரப்புச் சாட்சியாக்கினார். புதுக்கடை நீதிமன்றத்தில் நீதியரசர் கிரேஷியன் முன்னால் 57 நாட்கள் விசாரணை. 1953 யூன் 25ஆம் திகதி யூரி, அதாவது நடுவர் குழு, ஒருமனதாகச் சதாசிவம் குற்றவாளி அல்ல என்றது.

நீங்கள் அந்த யூரியில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் யாராவது என்னை உலுப்பிப் பார்க்க வேண்டும்.

இரணைமடுக்காரன், ஞாயிறு இரவு 9.02

மாஸ்டர், பழைய காயத்தைக் கிளறிவிட்டீர்கள். என் அப்பா அந்தக் காலத்தில் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர், பிறகுதான் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து இங்கே வந்தார். தமிழ் யூனியன் மைதானத்தில் சதா விளையாடுகிறார் என்றால் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவாராம். வழக்கு நடந்த நாட்களில் கந்தோரில் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வாசித்தார்களாம், மேலதிகாரியும் ஒன்றும் சொல்லமாட்டாராம், ஏனென்றால் அவருக்கும் ஒரு பக்கம் வேண்டும். அப்பா வயலுக்குள் நின்றுகொண்டுகூட அந்த வழக்கைச் சொல்லுவார். எனக்கு ஆறு ஏழு வயதில் சதாவுக்காக வாதாடிய சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வாவின் பெயர் தெரியும், பிரதம மந்திரியின் பெயர் தெரியாது.

அப்பாவின் தீர்ப்பு, என் தீர்ப்பு, இரண்டும் ஒன்று. அந்த மனுசன் கொல்லவில்லை. அப்படியொரு துடுப்பாட்டத்தை ஆடக்கூடிய கைகள் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்காது. அவ்வளவுதான்.

மல்லாவிப் பக்கம், ஞாயிறு இரவு 9.20

அண்ணை, மன்னிக்க வேண்டும், இதை விடமுடியாது. துடுப்புப் பிடித்த கை கழுத்தைப் பிடிக்காது என்பது என்ன நியாயம்? கோயிலில் தேவாரம் பாடுகிறவன் வீட்டில் மனைவிக்கு அடிப்பதை நாங்கள் பார்க்காமலா வளர்ந்தோம்?

என் தீர்ப்பு: அவர்தான் செய்தார். காரணம் அவருக்குத்தான் இருந்தது. மனைவி விவாகரத்துக்குப் போய்விட்டார், அவருக்கோ வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது, குடும்பத்தின் சொத்துச் சுகம் எல்லாம் மனைவி பக்கத்தால் வந்தவை. வில்லியத்துக்கு என்ன காரணம்? இரண்டு கிழமைக்கு முன் வந்த பெடியன் நகைக்காக வீட்டுக்கார அம்மாவைப் பட்டப்பகலில் கொன்று, உடலைக் கார்க் கொட்டகைக்கு இழுத்துப் போய், உரலைத் தூக்கிக் கழுத்தில் வைத்துவிட்டுப் போனாரா? களவெடுக்க வந்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். உரல் வைப்பதற்கு மினக்கெடமாட்டான். அது உயிர் போனதை உறுதி செய்துகொள்ள வேண்டிய ஒருவர் செய்த வேலை.

பெரிய வீட்டுக்காரர், நாடறிந்த விளையாட்டுக்காரர், நாட்டிலேயே பெரிய சட்டத்தரணி, ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு பேராசிரியர். மறுபக்கம் எழுத வாசிக்கச் சரியாகத் தெரியாத ஒரு பெடியன். யூரி யாரை நம்பும்?

கனகராயன் ஆற்றங்கரை, ஞாயிறு இரவு 10.11

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், அதனால் எனக்குப் பிடித்த இடத்துக்கே போகிறேன். அது ஆனந்தா இறந்த நேரம். இந்த வழக்கின் முதுகெலும்பு அதுதான். 10.30க்கு முன் இறந்திருந்தால் சதாசிவம் வீட்டில் இருந்தார். பின் என்றால் இல்லை. மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான்.

அரச தரப்பு நம்பியது சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரத்தின் கணக்கை. உடலின் வெப்பநிலையை அளந்து, அது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பிந்தினாலும் காலை 11.30க்கு முன் இறந்துவிட்டார் என்றார். இது வாயால் சொன்ன கணக்கல்ல. வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களை வைத்து, இறந்த நிமிடம் துல்லியமாகத் தெரிந்த உடல்கள் எப்படிக் குளிர்கின்றன என்று அவர் ஆராய்ந்தார். 1955இல் வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகியோரோடு சேர்ந்து அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். வெப்பநாடு ஒன்றில் அப்படி ஒரு வேலையைச் செய்த அந்த மனிதரின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பொருள் குளிர்வதற்கு அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருக்க வேண்டும். எடின்பரோவில் உடல் 37 பாகை, அறை 10 பாகை என்றால் வித்தியாசம் 27. கொழும்பில் அறை 28 என்றால் வித்தியாசம் 9 தான். நம் வவுனியாவில் பங்குனி மாதத்து மத்தியானத்தில் தேத்தண்ணி ஆறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது, நுவரெலியாவில் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதே கதைதான். இப்படி மெதுவாகக் குளிரும் இடத்தில் மணிக்கு ஒரு பாகைகூட இறங்காது. அப்படியென்றால் தொடக்க வெப்பநிலையில் அரைப் பாகை பிழைத்தால் நேரத்தில் அரை மணிக்கும் மேல் பிழைக்கும். உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் சரியாக 37 இருப்பதில்லை. போராடி இறந்த ஒருவருக்குக் கூடியும் இருக்கலாம். இறந்த உடனே உடல் குளிரத் தொடங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பதும் உண்டு. தூக்கிலிட்ட உடலை வைத்திருந்த இடமும், சேலையோடு கொட்டகைத் தரையில் கிடந்த உடலும் ஒன்றல்ல.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற முறையில்கூட, எல்லாம் நன்றாக அமைந்தால் கூட்டியும் குறைத்தும் 2.8 மணி நேரம் பிழை விடலாம் என்றுதான் ஏற்கிறார்கள். 1951இல் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிச் சொன்ன விடையை வைத்து ஒருவரைத் தூக்கிலிட முடியுமா? எடின்பரோப் பேராசிரியர் சிட்னி ஸ்மித் சதாசிவம் தரப்புக்காக வந்து சொன்னதும் இதுதான், இவ்வளவு இறுக்கமாக நேரம் சொல்ல முடியாது என்று. அவர் பணத்துக்காகச் சொன்னார் என்று எடுக்க வேண்டாம் மல்லாவித் தம்பி, பௌதிகவியலும் அதையேதான் சொல்கிறது.

மல்லாவிப் பக்கம், ஞாயிறு இரவு 10.30

சேர், நேரம் பிழைக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பிழை இரண்டு பக்கமும் போகும். 10.30க்குப் பிறகு இறந்தார் என்றும் அது நிரூபிக்கவில்லையே.

கனகராயன் ஆற்றங்கரை, ஞாயிறு இரவு 10.34

சரி. நிரூபிக்கவில்லை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அதை நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

பாலையடி, திங்கள் காலை 6.50

நேற்று இரவு எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, இப்போதுதான் முழுவதும் வாசித்தேன். நான் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் வருடம், அதனால் பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

கனகராயன் சேர் கடைசியாகச் சொன்ன வரிதான் எல்லாம். இங்கே மூன்று கேள்விகளைப் போட்டுக் குழைக்கிறோம். சதாசிவம் கொன்றாரா என்பது ஒன்று. கொன்றார் என்று நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட்டதா என்பது இன்னொன்று. அவர் இல்லையென்றால் யார் என்பது மூன்றாவது. யூரியிடம் கேட்கப்பட்டது இரண்டாவது மட்டும்தான். முதலாவதுக்கு “தெரியாது” என்று விடை இருந்தாலே இரண்டாவதுக்கு “இல்லை” என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது வில்லியத்தின் சாட்சிக்கு வருகிறேன். எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கம். அதன் 133ஆம் பிரிவு, உடந்தையாக இருந்தவர் சாட்சி சொல்லலாம், அதை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்டப்படி பிழையில்லை என்கிறது. ஆனால் 114ஆம் பிரிவின் உதாரணம், உடந்தையாளர் சொல்வது முக்கியமான விபரங்களில் வேறு சாட்சியால் உறுதிப்படாவிட்டால் நம்பத் தகாதது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது. ஒரு கையால் தந்து மறு கையால் பிடிக்கிற மாதிரித் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. தன் கழுத்தைக் காப்பாற்ற மற்றவனைக் காட்டிக் கொடுப்பவனின் சொல் அது.

நிபந்தனையோடு மன்னிப்பு என்றால் என்ன என்று யோசியுங்கள். நடந்ததை முழுமையாக, உண்மையாகச் சொன்னால் உனக்கு வழக்கு இல்லை. சொல்லாவிட்டால் மன்னிப்புப் போய்விடும், நீயே எதிரிக் கூண்டில் நிற்பாய். எது உண்மை என்று மன்னிப்புக் கொடுக்கிறவர்கள் நம்புகிறார்கள்? ஐயா கொன்றார் என்பதை. அப்படியென்றால் அந்தக் கதையை விட்டு ஒரு அடி விலகினாலும் வில்லியத்துக்குத் தூக்குக் கயிறு. உண்மை சொன்னாரோ பொய் சொன்னாரோ, இரண்டு நிலையிலும் அவர் அதே கதையைத்தான் சொல்லியிருப்பார். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வரக்கூடிய சாட்சியால் எதையும் அளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்கக்கூடாது என்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைப் பாவிக்கலாம் என்று அதை மாற்றியது. இங்கே இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீட்டுக்குத் தெரியும். அதனால்தான் ஒருவர் மூடிய அறைக்குள் சொன்ன சொல்லை வைத்து இன்னொருவரைக் குற்றவாளி ஆக்கும்போது எனக்குப் பயம் வருகிறது, எதிரி எவ்வளவு பெரிய வீட்டுக்காரராக இருந்தாலும்.

செட்டிகுளத்தாள், திங்கள் காலை 11.40

பாலையடித் தங்கச்சி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லோரும் சுற்றிச் சுற்றி வில்லியத்தின் தலையில் கொண்டுபோய் விடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

என் சின்னம்மா பதின்மூன்று வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனவர். வீட்டின் பெயர் வேண்டாம், நம் ஆட்கள்தான். மாதச் சம்பளத்தை நேரே பாட்டிக்கு அனுப்பிவிடுவார்கள், சின்னம்மா கையில் பணத்தையே பார்த்ததில்லை. ஒரு நாள் அந்த வீட்டு அக்காவின் தோடு ஒன்று காணாமல் போனது. விடிய விடியக் குசினியில் முழங்காலில் இருத்தி வைத்துக் கேட்டார்கள். கடைசியில் “நான்தான் எடுத்தேன், தொலைத்துவிட்டேன்” என்று சின்னம்மா சொல்லிவிட்டார், படுக்க விட்டால் போதும் என்று. மூன்றாம் நாள் சலவைக்குப் போன தலையணை உறைக்குள் இருந்து தோட்டைச் சலவைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சின்னம்மாவுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் குசினிப் பக்கம் தனியாகப் போகமாட்டார், கூட ஒரு ஆள் வந்தால்தான் போவார்.

அந்த வயதில், மொழி வேறான ஒரு வீட்டில், தனியாக நிற்கும் பிள்ளைக்குச் சொல்லப்படுகிற எல்லாமே கட்டளைதான். வில்லியத்தின் கதையில் எனக்கு நம்பும்படி படுகிற ஒரே இடம் அதுதான். ஐயா சொன்னார், நான் செய்தேன். அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்கிறவர்கள் வேலைக்கு நின்றவர்களோடு கதைத்துப் பார்த்ததில்லை.

இரணைமடுக்காரன், திங்கள் பிற்பகல் 1.05

பிள்ளை, உங்கள் சின்னம்மாவை நினைக்க மனம் கனக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சின்னம்மா தோட்டை எடுக்கவில்லை. வில்லியம் நகையை எடுத்தார், விற்றார். அதில் தாலிக்கொடியும் இருந்தது. ஒரு தமிழ் ஆண், எவ்வளவு கெட்டுப் போனவனாக இருந்தாலும், மனைவியின் கழுத்துத் தாலியைக் கழற்றிச் சமையல்காரனுக்குக் கூலியாகக் கொடுப்பானா?

செட்டிகுளத்தாள், திங்கள் பிற்பகல் 1.30

ஐயா, கொல்லத் துணிந்தவன் தாலிக்கா பயப்படுவான்? தாலியைக் கட்டினவனே அறுத்து விற்றுக் குடித்த கதைகளை எங்கள் ஊரில் எண்ணுவதற்குக் கை விரல் போதாது. அதை ஒரு நியாயமாக எடுக்காதீர்கள். நகையை விற்றார் என்பது வில்லியத்துக்கு எதிரான பலமான விடயம்தான், ஏற்கிறேன். கொடுத்தார்கள் என்பதற்கும் எடுத்தார் என்பதற்கும் நடுவில் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

கனகராயன் ஆற்றங்கரை, திங்கள் பிற்பகல் 2.48

பாடங்களுக்கு இடையில் எழுதுகிறேன். கதையை விட்டு உடல் என்ன சொன்னது என்று பார்ப்போம், உடலுக்கு யாரும் மன்னிப்புக் கொடுக்க முடியாது, மிரட்டவும் முடியாது.

இரண்டு விடயங்கள். முதலாவது, கீறல்கள். பிடிபட்டபோது வில்லியத்தின் முகத்திலும் உடலிலும் கீறல் காயங்கள் இருந்தன. அன்றே கைதான சதாசிவத்தின் உடலில் அப்படி எதுவும் இல்லை. கைகளால் கழுத்தை நெரிக்கும்போது நெரிபடுகிறவர் எங்கே கையை நீட்டுவார்? தன் கழுத்தைப் பிடித்திருக்கிற கைகளுக்கும், தனக்கு முன்னால் தெரிகிற முகத்துக்கும். காலைப் பிடித்திருக்கிற ஆளுக்கு அல்ல. உதவிக்கு நின்றேன் என்று சொல்கிற ஆளின் முகத்தில் நகக் கீறல், நெரித்தார் என்று சொல்லப்படுகிற ஆள் துடைத்து வைத்த மாதிரி. இதற்கு அரச தரப்பிடம் எனக்குத் திருப்தியான விடை இல்லை.

இரண்டாவது, இடம். வில்லியம் சொன்ன கதையில் கொலை நடந்தது மேல் மாடிப் படுக்கையறையில், பிறகு உடலைக் கீழே தூக்கி வந்தார்கள். ஸ்மித் பார்த்தது ஆனந்தாவின் உள்ளங்கால் அழுக்கை. அது குசினித் தரையில் வெறுங்காலோடு நடந்தவரின் கால் என்றார். நம் வீடுகளில் அடுப்படியில் நிற்கிறவர்களின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும், எண்ணெயும் கரியும் தேங்காய்ப் பூவும் ஒட்டிய அழுக்கு வேறு மாதிரி. குசினியில் இறந்தார் என்றால் மேல் மாடிக் கதை முழுவதும் விழுந்துவிடும். கொட்டகைக்கு உடலைக் கொண்டுபோவதும், மல்லாவித் தம்பி கேட்ட உரலும் குசினியிலிருந்து தொட்டுவிடுகிற தூரத்துக்கு வந்துவிடும்.

மல்லாவிப் பக்கம், திங்கள் மாலை 5.15

கீறலைப் பற்றி நேற்று நான் யோசிக்கவில்லை. மத்தியானம் முழுக்க உழவு இயந்திரத்தில் இருந்துகொண்டு அதைத்தான் யோசித்தேன். ஒன்று சொல்லலாம், வில்லியமும் சேர்ந்து நெரித்திருக்கலாம், தன் பங்கைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் செய்து, ஒருவர் மட்டும் கீறுபட்டார் என்பது நடக்கக் கூடியது. உள்ளங்கால் அழுக்கு காலையில் குசினிக்குப் போய்விட்டு மாடிக்கு ஏறியதாலும் வந்திருக்கலாம்.

ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிகிறது, நான் “இருக்கலாம்” என்றுதான் சொல்கிறேன். நேற்று “அவர்தான் செய்தார்” என்று எழுதினேன். அதை “அவர் செய்திருக்கலாம்” என்று மாற்றிக்கொள்கிறேன். இருக்கலாம் என்பதற்குத் தூக்குப் போட ஏலாது, அது சரி. தீர்ப்பை ஏற்கிறேன், அவர் அப்பாவி என்று சொல்ல மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பாலையடி, திங்கள் மாலை 6.02

அண்ணா, நீங்கள் வந்து நிற்கிற இடம்தான் சட்டம் நிற்கிற இடம். “குற்றவாளி அல்ல” என்பது ஒரு மனிதருக்கு நற்சான்றிதழ் அல்ல.

அதோடு நோக்கம் பற்றிய உங்கள் நியாயத்தையும் நான் தள்ளவில்லை. நோக்கம் சான்றுதான், சட்டத்தின் 8ஆம் பிரிவே அதை ஏற்கிறது. ஆனால் விவாகரத்து நடக்கிற வீடுகளில் எல்லாம் நோக்கம் இருக்கிறது. நோக்கம் ஒரு ஆளைப் பார்க்கச் சொல்லும், பார்த்த பிறகு கையில் ஏதாவது அகப்பட வேண்டும். இந்த வழக்கில் அகப்பட்டவை வில்லியத்தின் வாயும் உடல் வெப்பநிலைக் கணக்கும்தான். முதலாவது பற்றிச் சொல்லிவிட்டேன், இரண்டாவது பற்றிச் சேர் சொல்லிவிட்டார்.

செட்டிகுளத்தாள், திங்கள் இரவு 8.40

இரண்டு நாளாக இத்தனை பேர் எழுதியிருக்கிறோம். ஆனந்தாவைப் பற்றி யார் எழுதினோம்? மாஸ்டர் தொடக்கத்தில் இரண்டு வரி எழுதினார். பிறகு அவருடைய கழுத்து, உள்ளங்கால், தாலி, வெப்பநிலை. பெயரே சதாசிவம் வழக்கு, கொல்லப்பட்டவரின் பெயரில் இல்லை.

1951இல் ஒரு பெரிய இடத்துத் தமிழ்ப் பெண், நான்கு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாடே கொண்டாடுகிற ஒரு மனிதரிடமிருந்து எனக்கு விடுதலை வேண்டும் என்று நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார். எத்தனை பேர் “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்” என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் படியில் ஏறுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் கொலைக்குப் பிறகு கணவர் விடுதலையானார், சிங்கப்பூர், மலாயா என்று போய் அங்கேயும் அணித் தலைவராக ஆடினார், 1977இல் காலமானார். வில்லியம் ஊருக்குப் போனார். கொன்றது யார் என்று எந்த நீதிமன்றமும் ஆனந்தாவுக்குச் சொல்லவில்லை.

தீர்ப்பு சரி என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு அது நீதியா?

இரணைமடுக்காரன், திங்கள் இரவு 9.30

பிள்ளை, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. சதா எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்று சொல்லிக் கவலைப்படுவார், கைதானதிலிருந்து தீர்ப்பு வரை 20 மாதம் என்று விரல் விட்டு எண்ணுவார். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்கு மாஸ்டர் எழுதிய பிறகுதான் தெரியும். கை பற்றி நான் எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். அவர் கொல்லவில்லை என்று இப்போதும் நம்புகிறேன், ஆனால் காரணம் கீறல்தான், சேப்பாக்கத்து 215 அல்ல.

வட்டுவாகல் மாஸ்டர், செவ்வாய் இரவு 7.55

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு நாள் எடுத்தது, இன்று பிள்ளைகளோடு முதல் ஒத்திகை பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரித்திருந்தேன். அரச தரப்புக்கு மூன்று பேர், எதிரி தரப்புக்கு மூன்று பேர், ஏழு பேர் யூரி. வில்லியமாகச் சாட்சிக் கூண்டில் நின்ற பெடியன் குறுக்கு விசாரணையில் திணறிப் போனான். எதிரி தரப்புப் பிள்ளை நன்றாகத் தயாராகி வந்திருந்தாள், “உன் முகத்தில் கீறல் எப்படி வந்தது? நகையை எங்கே விற்றாய்? அம்மாவைக் கொன்றது நீதானே?” என்று அடுக்கிக்கொண்டே போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்போது யூரிப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை, அதிகம் கதைக்காதவள், கையை உயர்த்திக் கேட்டாள்: “சேர், சதாசிவத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். அரசாங்கத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். வில்லியம்தான் கொன்றான் என்று இவள் சொல்கிறாளே, வில்லியத்துக்கு யார் சட்டத்தரணி?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கூண்டில் நின்றது சாட்சி, எதிரி அல்ல, சாட்சிக்குச் சட்டத்தரணி தேவையில்லை என்று சட்டப்படி ஒரு விடை சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் ஏற்றுக்கொண்ட முகம் இல்லை. வீட்டுக்கு வரும்போது வட்டுவாகல் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரச தரப்பில் டி. எஸ். பெர்னாண்டோ, எதிரிக்குக் கொல்வின். கொல்வின் கெட்டிக்காரர், தன் கட்சிக்காரரைக் காப்பாற்ற அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார், ஐயத்தை உண்டாக்க வேறொரு ஆளைக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் காட்டப்பட்ட ஆளுக்காக எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. வில்லியத்தின் மீது வழக்கே நடக்கவில்லை. அவரை ஒரு யூரி குற்றவாளி என்றும் சொல்லவில்லை, குற்றவாளி அல்ல என்றும் சொல்லவில்லை. சிட்னி ஸ்மித் பின்னாளில் தன் நினைவுகளை எழுதியபோது வில்லியம்தான் கொன்றவர் என்ற மாதிரியே எழுதினார், நாங்களும் எழுபது வருடமாக அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சதாசிவத்தை நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபி என்று கேட்ட நாங்கள், வில்லியத்தை நிரூபி என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சதாசிவம் விடுதலையானது சரி. அதில் எனக்கு இப்போது முன்னைவிட உறுதி, கனகராயன் சேரும் பாலையடியும் அதற்குக் காரணம். ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்து மற்றவர்தான் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தது பிழை. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு முன் படித்த பிள்ளைகளுக்கும் சேர்த்து.

அடுத்த வெள்ளி ஒத்திகையில் மூன்றாவது மேசை ஒன்று போடுகிறேன், வில்லியத்துக்காக. கேள்வி கேட்ட பிள்ளையிடமே அதைக் கொடுத்திருக்கிறேன். செட்டிகுளத்து அக்கா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள், அவளுக்கு உங்கள் சின்னம்மாவின் கதையை வாசித்துக் காட்டலாமா? பெயர் ஊர் எதுவும் சொல்லமாட்டேன். அறிவித்தல் பலகையில் தலைப்பையும் மாற்றிவிட்டேன், “ஆனந்தா கொலை வழக்கு” என்று.

செட்டிகுளத்தாள், செவ்வாய் இரவு 8.20

வாசியுங்கள் மாஸ்டர். சின்னம்மாவிடம் இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். தலையணை உறையையும் விடாமல் சொல்லச் சொன்னார்.